ஒன்பது மணிக்கு முன் உலக முடிவு

ஹோட்டன் சமவெளி வரை வந்து, நான்கு கிலோமீற்றர் நடந்து, உலக முடிவில் நின்று வெறும் வெள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். காலுக்கு முன்னால் இரண்டு மீற்றர் பாறை. அதற்கு அப்பால் பஞ்சு போல முகில். கீழே பள்ளத்தாக்கா, இன்னொரு மேடா என்றுகூடச் சொல்ல முடியாது. அவர்கள் வந்த பாதை சரிதான், வந்த நேரம்தான் பிழை. இலங்கையின் மலைநாட்டில் இந்த ஓர் இடத்துக்கு மட்டும் முதலில் மணிக்கூட்டைப் பார்த்துப் பயணத்தை வகுக்க வேண்டும். எங்கே தங்குவது, எந்த வாகனம், என்ன உடுப்பு என்பதெல்லாம் அந்தக் கணக்கிலிருந்து தானாக வந்துவிடும்.

உலக முடிவு என்பது சமவெளியின் தெற்கு விளிம்பு. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீற்றர் உயரத்தில், புல்வெளியும் குட்டைக் காடுமாக மெல்ல ஏறியிறங்கிப் போகும் நிலம் அங்கே சட்டென்று அறுந்துவிடுகிறது. சுமார் 870 மீற்றர் செங்குத்துச் சரிவு. அதன் அடியில் தேயிலைத் தோட்டங்கள், அதற்கும் கீழே பெலிஹுல் ஓயாப் பள்ளத்தாக்கு, அதற்கப்பால் தென்னிலங்கையின் தாழ்நிலம். மலையுச்சியில் ஏறி நின்று சுற்றிலும் பார்க்கும் காட்சிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இங்கே யாரும் மலை ஏறிய உணர்வோடு விளிம்புக்கு வருவதில்லை. தட்டையான நிலத்தில் நடந்துகொண்டிருப்பவருக்கு முன்னால் திடீரென்று நிலம் இல்லாமல் போகிறது. அந்த இடத்தின் அதிர்ச்சியே அதுதான்.

முகில் ஏன் வருகிறது என்று புரிந்தால் நேரக் கணக்கும் புரியும். இரவில் மலைச்சரிவு குளிர்ந்து, கனத்த காற்று கீழே வழிந்து பள்ளத்தாக்கில் தேங்கிவிடும். விடியும்போது மேலே வானம் தெளிவாக இருக்கும். முகில் இருந்தால்கூடக் கீழே பள்ளத்தாக்கில் படுத்துக் கிடக்கும். சூரியன் ஏறி, கீழ்ச் சரிவுகளில் வெயில் பட்டதும் ஓட்டம் தலைகீழாகிறது. சூடான ஈரக் காற்று சுவரோடு ஒட்டி மேலே ஏறத் தொடங்கும். ஏறும் காற்று குளிரும். ஓர் உயரத்தில் அதிலுள்ள ஈரம் நீர்த்துளியாகி முகிலாகிவிடும். எந்த உயரத்தில் என்பதற்கு வானிலையாளர்கள் பயன்படுத்தும் எளிய கணக்கு ஒன்று உண்டு. காற்றின் வெப்பநிலைக்கும் பனிபடுநிலைக்கும் (காற்றிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) இடையிலான வித்தியாசத்தைப் பாகையில் எடுத்து, பாகைக்கு 125 மீற்றர் என்று பெருக்க வேண்டும். சுவரின் அடியில் அந்த வித்தியாசம் ஏழு பாகை என்றால் முகிலின் அடிமட்டம் 875 மீற்றர் மேலே, அதாவது ஏறக்குறைய நீங்கள் நிற்கும் விளிம்பிலேயே. நான்கு பாகை என்றால் 500 மீற்றரில், உங்கள் கண்ணுக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் நடுவில். ஈரமான இந்தத் தீவில் அந்த வித்தியாசம் மிகப் பெரிதாக இருக்கும் நாட்கள் குறைவு. ஆகவே காற்று மேலேறத் தொடங்கினால் முகில் கண்மட்டத்துக்கு வந்தே தீரும் என்று எடுத்துக்கொள்ளலாம். வழமையாக அது ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் நடக்கிறது. சில நாள் எட்டரைக்கே. பத்துக்குப் பிறகு தெளிவாக இருந்தால் அது அதிர்ஷ்டம்.

பருவமும் பார்க்க வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். அதிலும் பெப்ரவரி, மார்ச் காலைகள் மிகத் தெளிவு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும்போது சமவெளியில் பலத்த காற்றும் தூறலும் மூடுபனியும். விடியற்காலையில்கூட உறுதி சொல்ல முடியாது. ஒக்ரோபர், நவம்பரில் மழை வழமையாகப் பிற்பகலில் கொட்டும், காலை தப்பிவிடும். ஆனால் தாழமுக்கம் ஏதாவது வங்காள விரிகுடாவில் உருவாகியிருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். காட்சி கிடைக்காது என்பது ஒருபுறம். மலைநாட்டு வீதிகளில் மண்சரிவு என்பது அதைவிடப் பெரிய விஷயம். பள்ளி விடுமுறை நாட்களிலும் நீண்ட வார இறுதிகளிலும் வாகன வரிசை நீளும். வரிசையில் போகும் ஒவ்வொரு பத்து நிமிடமும் காட்சியிலிருந்து கழிகிறது.

இனி மணிக்கூட்டைப் பின்னோக்கிச் சுற்றுவோம். எட்டு மணிக்கு விளிம்பில் நிற்க வேண்டும். ஃபார் இன் என்ற பழைய வேட்டை விடுதிக்கு அருகில்தான் நடை தொடங்குகிறது. இப்போது அது பார்வையாளர் நிலையம். அங்கிருந்து உலக முடிவுக்கு நான்கு கிலோமீற்றர், சாதாரண நடையில் ஒன்றேகால் மணி. ஆகவே ஆறே முக்காலுக்கு நடக்கத் தொடங்க வேண்டும். அதற்கு முன் பைச் சோதனை பத்து நிமிடம், வாயிலிலிருந்து ஃபார் இன் வரை வாகனத்தில் கால் மணி, அனுமதிச் சீட்டு வரிசை இன்னொரு கால் மணி. ஆறு மணிக்கு வாயில் திறக்கும்போது நீங்கள் அதன் முன்னால் நிற்க வேண்டும் என்று கணக்கு வருகிறது. நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாக 32 கிலோமீற்றர். இருட்டு, வளைவு, முகில் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். நாலே முக்காலுக்குப் பிறகு புறப்பட்டால் பிந்திவிடும். அப்புத்தளையிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ வருபவர்கள் ஓஹிய வழியாக மறு வாயிலுக்கு வருவார்கள். அந்த வீதி ஒடுக்கமானது, கொண்டையூசி வளைவுகள் நிறைய. அப்புத்தளையிலிருந்து நாலரைக்காவது புறப்பட வேண்டும்.

ரயிலில் வர விரும்புகிறவர்களுக்கு ஓஹிய நிலையம்தான் கிட்ட. அங்கிருந்து ஃபார் இன்னுக்கு 11 கிலோமீற்றர், முழுவதும் ஏற்றம். கொழும்பிலிருந்து காலையில் புறப்படும் ரயில் ஓஹியவை அடையும்போது நண்பகல் தாண்டிவிடும். எனவே அதே நாளில் உலக முடிவைப் பார்க்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். முதல் நாள் மாலை வந்து ஓஹியவிலோ பட்டிப்பொலவிலோ தங்கி, முச்சக்கர வண்டியை முற்கூட்டியே பேசிவைப்பதுதான் வழி. வண்டிக்காரருடன் போகவரக் கூலி, காத்திருக்கும் நேரம் இரண்டையும் முதலே தெளிவாகப் பேசுங்கள். நடை முடிய நான்கு மணி நேரமாகும் என்றும் சொல்லுங்கள். மழைக்காலத்தில் தண்டவாளத்தில் மண் சரிந்து மலைநாட்டுச் சேவை நின்றுபோவது அடிக்கடி நடக்கும். புறப்பட முன் விசாரியுங்கள். பட்டிப்பொலவுக்கும் ஓஹியவுக்கும் நடுவில்தான் இலங்கை ரயில் பாதையின் மிக உயர்ந்த புள்ளி, 6,226 அடி, பலகை நட்டிருக்கும். அதைத் தாண்டியதும் ஒரு சுரங்கம். சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் மழையாகவும் இந்தப் பக்கம் வெயிலாகவும் இருக்கும் நாட்கள் உண்டு. மேற்குச் சரிவுக்கும் ஊவாப் பக்கத்துக்குமான எல்லை அங்கேதான் ஓடுகிறது.

அனுமதிச் சீட்டுக்கு இலங்கையர் அடையாள அட்டையையும் வெளிநாட்டவர் கடவுச்சீட்டையும் கையில் வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டவருக்கான கட்டணம் இலங்கையருக்குள்ளதைவிடப் பல மடங்கு கூட. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களும் வெளிநாட்டவர் வரிசைதான். நுழைவுக் கட்டணத்தோடு குழுவுக்கான சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், வரி எல்லாம் சேரும். ஆகவே பலகையில் காணும் தொகைக்கும் கடைசியில் கொடுக்கும் தொகைக்கும் வித்தியாசம் வரும். தொகை காலத்துக்குக் காலம் மாறுவதால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, கையில் போதிய ரூபாய் நோட்டுகளோடு போங்கள். இருட்டில் அந்த மலையில் பணம் எடுக்கும் இயந்திரம் தேடி அலைய முடியாது.

பைச் சோதனையைப் பலர் தொல்லையாக நினைக்கிறார்கள். என் மதிப்பில் அந்தப் பூங்கா ஒழுங்காகச் செய்யும் மிக நல்ல வேலைகளில் ஒன்று அது. பொலித்தீன் எதுவும் உள்ளே போகாது. பிஸ்கட் பைக்கற்றைப் பிரித்துக் காகிதத்தில் கொட்டித் தருவார்கள், தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கும் மெல்லிய உறையைக் கிழித்தெடுப்பார்கள். லஞ்ச் ஷீற்றில் சுற்றிய சோற்றுப் பார்சலோடு வந்தால் வாசலிலேயே பிரிக்க வேண்டியதுதான். மூடியுள்ள டப்பாவில் ரொட்டியும் கட்டைச் சம்பலும், அவித்த கடலை, வாழைப்பழம், வேகவைத்த முட்டை, இவ்வளவு போதும். தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லீற்றர். பாதையில் கடை கிடையாது, கழிவறையும் கிடையாது; இரண்டும் தொடக்கத்தில் மட்டும்தான். பழத்தோலையும் முட்டைக்கோதையும் திரும்பக் கொண்டு வாருங்கள். குளிர் காரணமாக அங்கே எதுவும் சீக்கிரம் மக்குவதில்லை. தவிர, தின்னக் கிடைக்கும் என்று பழகிய மரைகள் வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றியே திரிகின்றன. தமிழ்நாட்டில் கடமான் என்று சொல்வதைத்தான் இங்கே மரை என்கிறோம். கொம்போடு நிற்கும் ஆண் மரையைத் தொட்டுப் படம் எடுக்கிறவர்களைப் பார்க்கவே பயமாக இருக்கும். அது வளர்ப்பு மாடல்ல. தலையை ஒரு முறை உதறினால் போதும். தீனி போடுவதும் தடை.

உடுப்பில் செய்யும் பிழை இரண்டு வகை. கடற்கரையிலிருந்து நேரே வருகிறவர்கள் காற்சட்டையும் பனியனுமாக வந்து விறைத்துப் போகிறார்கள். மற்றவர்கள் ஒரே ஒரு தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, ஒன்பது மணிக்கு வியர்வையில் நனைகிறார்கள். சமவெளியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 13 பாகை செல்சியஸ். ஜனவரி, பெப்ரவரி விடியலில் பள்ளமான புல்வெளியில் நிலத்துறைபனி படிந்து புல் வெள்ளையாக நிற்கும். அதே நாள் பத்து மணிக்கு வெயில் சுளீரென்று அடிக்கும். ஆகவே கழற்றிப் பையில் வைக்கக்கூடிய மெல்லிய மூன்று அடுக்குகள்: உள்ளே வியர்வை உலரும் துணி, நடுவில் கம்பளி அல்லது ஃபிளீஸ், மேலே காற்றும் மழையும் புகாத மெல்லிய கோட்டு. காதை மூடும் தொப்பி விடியலுக்கு, விளிம்புத் தொப்பி திரும்பும் நடைக்கு. குளிர்காற்றில் வெயில் உறைக்காது. மாலையில் முகம் எரியும்போதுதான் தெரியும். காலுக்குப் பிடிப்புள்ள சப்பாத்து கட்டாயம். செருப்போடும் வழுவழுத்த அடியுள்ள சப்பாத்தோடும் வருகிறவர்கள்தான் பேக்கர் நீர்வீழ்ச்சிப் படிகளில் விழுகிறார்கள்.

பாதை ஒரு வட்டம், மொத்தம் ஒன்பதரைக் கிலோமீற்றர். தொடங்கிச் சிறிது தூரத்தில் இரண்டாகப் பிரியும். இடது கிளை சின்ன உலக முடிவு வழியாக உலக முடிவுக்குப் போகிறது, வலது கிளை பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு. காலையில் வருகிறவர்கள் இடது பக்கம்தான் திரும்ப வேண்டும். நீர்வீழ்ச்சி பத்து மணிக்கும் இருக்கும், பதினொன்றுக்கும் இருக்கும். முகில் வந்தாலும் அதற்குக் குறைவில்லை. பள்ளத்தாக்கு அப்படியல்ல. கூட்டத்தைத் தவிர்க்கலாம் என்று வலது பக்கம் போகச் சொல்லும் ஆலோசனை அடிக்கடி காதில் விழும். அதைக் கேட்டால் கூட்டமில்லாத நீர்வீழ்ச்சியும் காட்சியில்லாத விளிம்பும் கிடைக்கும்.

இடது கிளையில் முதற்பகுதி புல்வெளி, பிறகு முகிற்காடு. புல்வெளியைப் பத்தனை என்பார்கள். கால்பட்டுக் கால்பட்டுப் பாதை பல இடங்களில் முழங்கால் ஆழ வாய்க்காலாகியிருக்கிறது. சிவந்த களிமண்ணில் வெள்ளைப் படிகக் கற்கள் துருத்திக்கொண்டு நிற்கும். மழை பெய்த மறுநாள் களி சவர்க்காரம் போல வழுக்கும். அதற்குப் பயந்து பாதையோரப் புல்லில் ஏறி நடந்தால் பாதை இன்னும் அகலும், மண் இன்னும் அரிக்கும். சேற்றிலேயே நடந்துவிடுங்கள். காட்டுக்குள் மரவேர்கள் படிக்கட்டாக இருக்கும், கண் நிலத்தில் இருக்கட்டும். 2,100 மீற்றரில் காற்றழுத்தம் கடல் மட்டத்திலுள்ளதில் 78 வீதம் அளவுதான். நலமானவர்களுக்கு இது கொஞ்சம் மூச்சு வாங்குவதோடு சரி. இழுப்பு, இதயநோய் உள்ளவர்கள் மருந்தைக் கையோடு வைத்து, நேரத்தை இன்னும் அரை மணி முன்தள்ளி மெதுவாக நடப்பது நல்லது. கைபேசித் தொடர்பு பாதை முழுக்கக் கிடைக்காது. குழுவாக வந்தால் பிரிந்து போகாதீர்கள்.

சின்ன உலக முடிவில் சரிவு சுமார் 270 மீற்றர். அங்கே அதிக நேரம் நிற்க வேண்டாம். முகில் இன்னும் தாழ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள அது நல்ல இடம். ஏறத் தொடங்கியிருந்தால் நடையை எட்டிப் போடுங்கள்.

உலக முடிவில் முதலில் நேர்கீழே பாருங்கள். பூக்கோசு போல நெருங்கிய காட்டின் தலை, அதற்குக் கீழே வெட்டி விட்ட தேயிலைப் பச்சை. தோட்டத்து வீதி ஒன்று நூலாக வளைந்து போகும். வரிசையாகத் தகரக் கூரைகள் வெயிலில் மின்னினால் அவை லயங்கள், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். சரிவின் அடியில் இருப்பது நொன்பரெயில் தோட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அந்தச் சரிவுகளில் கொழுந்து பறிக்கிறார்கள். உலகம் முடிகிறது என்று மேலே நின்று பெயர் வைத்தவர்களுக்குக் கீழே அவர்களுடைய நாள் அப்போதுதான் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் தொடங்கியிருக்கும். இந்தக் காட்சியில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் அதன் அழகை மட்டும் சொல்வது சரியாகப் படவில்லை.

பிறகு பார்வையை உயர்த்துங்கள். நடுத்தூரத்தில் வெள்ளித்தகடு போல சமனலவெவ நீர்த்தேக்கம். அதற்கும் அப்பால், காற்று சுத்தமாக இருந்தால், உடவளவை. மிக அரிதான காலைகளில் தொடுவானத்தில் ஒரு மெல்லிய ஒளிக்கோடு, அதுதான் தென்கடல். கடற்கரை ஏறக்குறைய 80 கிலோமீற்றர் தூரம். 2,100 மீற்றர் உயரத்திலிருந்து கணக்குப்படி 160 கிலோமீற்றருக்கு மேல் பார்வை எட்டும்; பூமியின் வளைவு மறைப்பதில்லை, தூசியும் ஈரமும்தான் மறைக்கின்றன. முதல் நாள் பிற்பகல் மழை பெய்து, இரவு வெளுத்த காலைதான் கடலைத் தேட நல்ல காலை.

படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. விளிம்பு தெற்கு பார்த்தது. ஜனவரியில் சூரியன் தென்கிழக்கில், உங்கள் இடது முன்புறத்தில் எழும். அந்தப் பக்கம் கமராவைத் திருப்பினால் புகை மூடியதுபோல வெளிறிவிடும். வலது பக்கம், மேற்கே திரும்பினால் ஒன்றன்பின் ஒன்றாக வரும் மலைமுகடுகளில் பக்கவாட்டு ஒளி விழுந்து மடிப்பு மடிப்பாகத் தெரியும். ட்ரோன் பறக்கவிட முன் அனுமதி இல்லாமல் முடியாது.

விளிம்பைப் பற்றி நீட்டாமல் சொல்கிறேன், ஆனால் இந்தக் கட்டுரையில் வேறெதையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பாறையின் மேல் சிறு படிகக் கற்கள் உருளையாகக் கிடக்கின்றன. பனியில் பாறை ஈரமாகவே இருக்கும். காற்று விட்டுவிட்டு அடிக்கும். விழுகிறவர்கள் எட்டிப் பார்த்து விழுவதைவிட, படத்துக்காகப் பின்னோக்கி அடியெடுத்து வைத்து விழுவதே பெரிய ஆபத்து. 2015இல் தேனிலவுக்கு வந்த நெதர்லாந்துக்காரர் ஒருவர் மனைவியைப் படமெடுக்கப் பின்னால் நகர்ந்து விழுந்தார். சுமார் 40 மீற்றர் கீழே ஒரு மரம் தாங்கியதால் உயிர் தப்பினார். இராணுவத்தினர் கயிறு கட்டி மீட்டார்கள். அந்த மரம் எல்லோருக்கும் வாய்க்காது. கமராவைக் கண்ணில் வைத்தபடி ஓரடியும் நகராதீர்கள், நடந்துவிட்டுப் பிறகு நின்று எடுங்கள். முகிலுக்குள் விளிம்பு எங்கே என்று தெரியாதபோது இந்த எச்சரிக்கை இரண்டு மடங்கு. பிள்ளைகளின் கையை விடவே கூடாது.

பிந்தி வந்து முகிலில் மாட்டிக்கொண்டால் உடனே திரும்பாதீர்கள். சுவரோடு ஏறும் காற்று சீராக ஏறாது, மூச்சு விடுவதுபோல விட்டுவிட்டு ஏறும். அதனால் முகிலில் இடைவெளி விழும். அரை மணி நேரம் இருந்தால் ஒரு நிமிடமாவது திரை விலகக்கூடும்; தேயிலையின் ஒரு துண்டும் நீரின் ஒரு துண்டும் தெரிந்து மறையும். மழை தொடங்கிவிட்டாலோ, முகில் பின்னால் காட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டாலோ அன்று அவ்வளவுதான்.

அங்கிருந்து பேக்கர் நீர்வீழ்ச்சி இரண்டு கிலோமீற்றர். பெரும்பாலானோர் வேகமாகக் கடந்துவிடும் இந்தப் பகுதிதான் சமவெளியை அறியச் சரியான இடம். விளிம்பு பார்த்தாயிற்று, அவசரமில்லை. குடை விரித்தாற்போல் தலை தட்டையாக நிற்கும் கீன மரங்கள், அவற்றின் கிளையெல்லாம் தாடி போலப் பாசி. முகில் காட்டுக்குள் நகரும்போது இலையிலும் பாசியிலும் படியும் துளிகள் சொட்டி மண்ணுக்குப் போகின்றன; மழைமானியில் பதியாத மழை அது. புல்வெளியில் ஆங்காங்கே சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ரன் மரத்தைச் சிங்களத்தில் மஹ ரத் மல் என்பார்கள். நீலகிரியில் காட்டுப் பூவரசு என்று அறியப்படும் மரத்தின் நெருங்கிய உறவு. ஊட்டிப் பக்கத்துச் சோலையும் புல்வெளியும் பார்த்தவர்களுக்கு இந்த நிலம் புதிதாகவே தோன்றாது. மூக்கின் மேல் காண்டாமிருகக் கொம்பு போல ஒரு முனை நீட்டிய ஓணான் மரத்தண்டில் அசையாமல் இருக்கும். பச்சையும் பழுப்புமாகக் கலந்துவிடுவதால் மெதுவாக நடக்கிறவர் கண்ணுக்குத்தான் படும். பறவை தேடுகிறவர்கள் மஞ்சட்காதுக் கொண்டலாத்தியைத் தரிப்பிடத்திலேயே பார்த்துவிடலாம். இலங்கைச் சீழ்க்கைக் குருவிக்கு, பட்டிப்பொலப் பக்க வீதியோரத்தில் அரேங்கா குளம் என்னும் இடத்தில் விடியலில் காத்திருக்க வேண்டும். அதைப் பார்க்கப் போனால் அன்று விளிம்பை எட்டு மணிக்குப் பிடிக்க முடியாது. இரண்டுக்கும் இரண்டு காலைகள் ஒதுக்குங்கள்.

இந்தக் காடு தப்பியதற்கும் ஒரு வரலாறு உண்டு. மஹா எலிய என்று சிங்களத்தில் வழங்கிய இந்த மேட்டுநிலத்துக்கு 1834இல் லெப்டினன்ட் வில்லியம் ஃபிஷர், லெப்டினன்ட் அல்பர்ட் வாட்சன் என்ற இரண்டு பிரித்தானிய அதிகாரிகள் வந்தார்கள். அப்போதைய ஆளுநர் ரொபர்ட் வில்மட் ஹோட்டனின் பெயர் நிலத்துக்கு வந்தது. பிறகு கோப்பியும் தேயிலையும் மலையை ஏறின. தாவரவியலாளர் ஜோசஃப் ஹூக்கர் 1873இல் ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடாமல் விடும்படி ஆலோசனை சொன்னார்; நீரூற்றுகள் வற்றிவிடும் என்பது அதன் அடிப்படை. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளின் தலைநீரும் இங்கிருந்து போகிறது. யானைகளை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. வேட்டையில் அவை இந்த மேட்டைவிட்டே இல்லாமல் போயின. நீர்வீழ்ச்சிக்குப் பெயர் தந்த சாமுவேல் பேக்கரும் வேட்டைக்காரர்தான். 1988இல் தேசிய பூங்காவானது, 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் பகுதியானது.

பேக்கர் நீர்வீழ்ச்சி சுமார் 20 மீற்றர் உயரம். பார்க்கும் மேடைக்கு இறங்கும் படி செங்குத்து, எப்போதும் நனைந்திருக்கும். இறங்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டாகக் காலை வையுங்கள். குளிப்பதற்கு அனுமதியில்லை. ஏறி வந்த பிறகு ஃபார் இன்னுக்கு இன்னும் மூன்றரைக் கிலோமீற்றர். பெரும்பகுதி நிழலில்லாத பத்தனை. நடை முழுவதிலும் களைப்பு இங்கேதான் தெரியும், காரணம் தூரமல்ல, வெயில். தண்ணீரில் அரை லீற்றரை இந்தப் பகுதிக்காக மிச்சம் வைத்திருங்கள். ஓடைக்கரைகளில் அடர்ந்திருக்கும் சிறு மூங்கில் பற்றைகளுக்குள் இறங்க வேண்டாம்; அடியில் கறுத்த சதுப்பு மண், கால் புதையும்.

இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால், நாட்டின் இரண்டாவது உயர்ந்த மலை கிரிகல்பொத்த (2,395 மீற்றர்), மூன்றாவது தொட்டுபொல கந்த (2,357 மீற்றர்) இரண்டும் பூங்காவுக்குள்ளேயே இருக்கின்றன. தொட்டுபொல குறுகிய ஏற்றம், பட்டிப்பொல வீதியிலிருந்து தொடங்கும். கிரிகல்பொத்த முழுநாள் வேலை. வாயிலில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

இறங்கும்போது நுவரெலியாவுக்கே திரும்பாமல், ஓஹிய வழியாக அப்புத்தளைக்கும் அங்கிருந்து பெரகலை, ஹல்துமுல்லை தாண்டி பெலிஹுல் ஓயாவுக்கும் போகப் பரிந்துரைப்பேன். காலையில் மேலிருந்து பார்த்த நிலத்துக்குள் பிற்பகலில் வந்துவிடுவீர்கள். பேக்கர் நீர்வீழ்ச்சியில் விழுந்த நீர்தான் அங்கே வீதி ஆற்றைக் கடக்கும் பாலத்துக்கு அடியில் பாறைகளுக்கிடையே ஓடுகிறது. சில கிலோமீற்றர் கீழே அது வளவையோடு சேர்ந்து சமனலவெவவுக்குள் போகும், பிறகு உடவளவை, கடைசியில் அம்பலாந்தோட்டையருகே கடல். பாலத்தில் நின்று வடக்கே பார்த்தால் வானத்தை மறித்துக்கொண்டு மலைச்சுவர் நிற்கும். அந்த நேரத்தில் அதன் மேல் விளிம்பு முகிலுக்குள் இருக்கும்.